கடலில் கரைத்த பெருங்காயம்

சேலத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது வழக்கம். சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு நண்பர் எண்ணூர் எண்ணெய்க் கசிவைப் பற்றிய தன் கவிதைகளை வாசித்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கிக் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தைக் கருப்பாக்கிய நாட்களையும், எண்ணெயில் தோய்ந்து பறக்க முடியாமல் நின்ற கூழைக்கடாக்களையும் பற்றிய கவிதைகள். நன்றாகவே இருந்தன. பேச்சு அதன்பிறகு கடல் மாசு என்ற பொதுவான திசைக்குப் போனது. கண்ணுக்குத் தெரியாத மாசைப் பற்றியும் நாம் யோசிக்க வேண்டும், நகரங்களின் கழிமுகங்களில் இப்போது வலி மாத்திரையும் வலிப்பு மருந்தும் சோப்பிலிருக்கும் கிருமிக்கொல்லியும் அளக்கப்படுகின்றன என்று நான் சொன்னேன். எங்களில் மூத்தவர், நிறையப் படித்தவர், சிரித்துக்கொண்டே, "அட, அது கடலில் கரைத்த பெருங்காயமுங்க. லிட்டருக்கு நானோகிராம் கணக்கெல்லாம் ஒரு கணக்கா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் வசிப்பது கொண்டப்பநாயக்கன்பட்டி. சேர்வராயன் மலையின் அடிவாரம். கடல் இங்கிருந்து சாலைவழி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கடலைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். என் வீட்டுக் கூரையில் விழும் மழை என்ன ஆகிறது என்பதே என் தகுதி. இந்தச் சரிவிலிருந்து இறங்கும் ஓடைகளின் நீர் திருமணிமுத்தாற்றில் சேர்கிறது. அது சேலம் நகரத்தின் நடுவே புகுந்து, நகரம் தரும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, நாமக்கல் மாவட்டத்து வயல்களைக் கடந்து, நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. ஆத்தூர்ப் பக்கத்து மழையோ வசிஷ்ட நதிக்குப் போய், சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. ஆக, கடலுக்குச் செல்லும் இரண்டு வாசல்கள் எங்களுக்கு உண்டு. கடற்கரை நகரத்தவர்கள் தங்கள் கடலைப் பற்றி எழுதும்போது அந்தக் கடலுக்குப் பின்னால் இருக்கும் இந்த நிலத்தை மறந்துவிடுகிறார்கள். நாங்களோ எங்களுக்கு முன்னால் ஒரு கடல் இருப்பதையே மறந்துவிடுகிறோம்.

என் அப்பா பதினாறு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் மாத்திரை சாப்பிடுகிறார். உடல் ஏற்றுக்கொண்ட அட்டெனலாலில் பெரும்பகுதி சிதையாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். அது எங்கள் வீட்டு செப்டிக் டேங்குக்குப் போகிறது. தொட்டி நிரம்பினால் லாரி வருகிறது. லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று நான் கேட்டதில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். இதோடு சாயப்பட்டறைகளின் நீர், வெள்ளிப் பட்டறைகளில் அமிலம் கழுவிய நீர், ஜவ்வரிசி ஆலைகளின் நீர், நாமக்கல் கோழிப்பண்ணைகளின் எரு. கோழிக்கும் மற்ற உணவு விலங்குகளுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில்தான் தடை செய்தது. மனிதருக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. அதுவரை அது கோழி வேகமாக எடை போடவும் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது.

நண்பர் கேலி செய்த அந்த நானோகிராமை முதலில் பார்த்துவிடுவோம். லிட்டருக்கு 1 நானோகிராம் என்றால் 100 கோடி லிட்டர் நீரில் 1 கிராம். நம் தெருவில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியைக் கணக்கில் கொண்டால் 83,000 லாரிகளுக்கு மேல் ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக முட்ட நிறுத்தினால் வரிசை சேலத்திலிருந்து சென்னை போய், கிட்டத்தட்ட சேலத்துக்கே திரும்பி வந்துவிடும். அத்தனை லாரிக்கும் சேர்த்து ஒரு கிராம். இது ஒரு கணக்கா என்ற கேள்வி நியாயமாகவே தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது.

இனி வேறு ஒரு கணக்கு. கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்க டிரைபியூட்டைல் டின் என்ற தகரச் சேர்மத்தைச் சாயத்தில் கலந்து பூசிவந்தார்கள். 1970களின் இறுதியில் பிரான்சின் ஆர்க்காசோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடித்துப்போயிற்று. குஞ்சுச் சிப்பிகள் பிழைக்கவில்லை. பிழைத்தவற்றின் ஓடுகள் கோணலாகத் தடித்தன. 1982இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு அந்தச் சாயத்தைத் தடை செய்தது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் இன்னும் விசித்திரமான ஒன்று நடந்திருந்தது. படகுத் துறைகளை ஒட்டிய பாறைகளில் வாழும் சங்கு இனத்தின் பெண் உயிர்களுக்கு ஆண்குறி முளைத்திருந்தது. முட்டை வெளியேறும் வழி அடைபட்டு அவை இனப்பெருக்கம் செய்ய முடியாமல் மடிந்தன. இதற்குத் தேவைப்பட்ட அளவு லிட்டருக்கு ஒரு சில நானோகிராம்தான். அந்தச் சாயத்தை உலகக் கப்பல்கள் அனைத்திலும் விலக்கும் சர்வதேச உடன்படிக்கை 2001இல் எழுதப்பட்டு, 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஓர் ஆய்வு ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் வேண்டுமென்றே கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கரு புரதம் உருவாயிற்று. ஒரு சிறு மீன் இனம் அந்த ஏரியில் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெருங்காயம் என்று நாம் சிரித்த அளவு இதுதான்.

எல்லா வேதிப்பொருளும் இந்த அளவில் இப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. பல ஒன்றும் செய்யாமலிருக்கலாம். என் அப்பாவின் மாத்திரையால் பரங்கிப்பேட்டை இறால் துடித்துச் செத்தது என்று எழுதினால் அது நேர்மையாகாது. எது செய்யும், எது செய்யாது என்று தெரிய வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டும். அளப்பதற்கு முன்பே நாம் பழமொழி சொல்லிவிடுகிறோம்.

அளப்பது எப்படி என்று சிறிது விளக்குவது நல்லது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், மாதிரி எடுக்கப் போகிறவருக்கான விதிகள். அன்று காலை அவர் காப்பி குடித்திருக்கக் கூடாது. கொசு விரட்டிக் களிம்பு பூசியிருக்கக் கூடாது. வெயிலுக்குப் பூசும் களிம்பு, வாசனைத் திரவியம் எதுவும் கூடாது. தேடும் பொருட்களில் அவையும் உண்டு. ஆற்றின் காப்பிக்கும் அவர் விரலின் காப்பிக்கும் கருவி வித்தியாசம் பார்க்காது. சுத்தமான நீர் நிரப்பிய ஒரு புட்டியையும் அவர் கூடவே சுமந்து போவார். கரையில் திறந்து மூடிக் கொண்டுவந்து அதையும் சோதிப்பார்கள். அதில் ஏதேனும் வந்தால் குற்றவாளி கடலல்ல, நாம்தான். பிறகு ஒரு லிட்டர் நீரை ஒரு சிறு குப்பியிலுள்ள பஞ்சு போன்ற பொருளின் வழியே செலுத்திப் பொருட்களைப் பிடித்து, ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான திரவத்தில் கழுவி எடுத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவிக்குள் செலுத்துகிறார்கள். அது மூலக்கூறுகளை உடைத்துத் துண்டுகளின் எடையைக் கொண்டு அடையாளம் சொல்லும். கடல்நீராக இருந்தால் உப்பு குறுக்கே வந்து சமிக்ஞையை அமுக்கும். அதைச் சரிசெய்ய, தேடும் பொருளையே சற்றுக் கனமான அணுக்களால் செய்து, அளவு தெரிந்து முன்கூட்டிக் கலந்துவிடுவார்கள். அது எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு மற்றதும் அமுங்கியிருக்கும். எத்தனை பொறுமையான அறிவு! நாம் பாட பேதங்களை ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ.வே.சா.வைக் கொண்டாடுகிறோம். இதுவும் அந்த வகைப் பொறுமைதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கருவிக்குள் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். ஒரு சமிக்ஞை அந்த இரைச்சலைப்போல் மூன்று மடங்காவது எழுந்தால்தான் 'இருக்கிறது' என்பார்கள். பத்து மடங்கு எழுந்தால்தான் 'இவ்வளவு இருக்கிறது' என்று எண் சொல்வார்கள். அந்த மூன்று மடங்குக்குக் கீழே இருப்பதற்குத்தான் 'கண்டறியும் எல்லைக்குக் கீழ்' என்று பெயர். அறிக்கைகளில் 'பி.டி.எல்.' என்ற மூன்று எழுத்துகளாக வரும்.

இந்த மூன்று எழுத்துகளோடுதான் என் சண்டை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிணற்று நீரை ஒரு தனியார் பரிசோதனைச் சாலையில் கொடுத்தேன். எந்தச் சாலை என்பது முக்கியமில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அறிக்கை வந்தது. உப்பு, கடினத்தன்மை எல்லாவற்றுக்கும் எண்கள். பூச்சிக்கொல்லி என்ற வரிசையில் பி.டி.எல்., பி.டி.எல்., பி.டி.எல். அப்பாவிடம் காட்டினேன். "ஒன்னும் இல்லைன்னு போட்டிருக்குதா? அப்புறம் என்ன" என்றார். எனக்கும் நிம்மதிதான். பிறகு ஒரு சந்தேகம் வந்து தொலைபேசியில் கேட்டேன்: எல்லைக்குக் கீழ் என்கிறீர்கள், உங்கள் எல்லை எவ்வளவு? எதிர்முனையிலிருந்த இளைஞர் மரியாதையாகவே பதில் சொன்னார். "அதெல்லாம் மிஷினே பாத்துக்கும் சார்." எல்லை எழுதப்படாத அறிக்கையில் 'எல்லைக்குக் கீழ்' என்று இருந்தால் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. மைக்ரோகிராமைத்தான் பார்க்க முடியும் என்ற கருவியால் நானோகிராமைத் தேடிவிட்டு 'இல்லை' என்று சொல்வது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புத்தகத்தில் எழுத்தே இல்லை என்பதற்குச் சமம்.

இதைவிட மோசமான ஒன்று அடுத்த படியில் நடக்கிறது. ஒரு கழிமுகத்தில் பன்னிரண்டு மாதம் மாதிரி எடுக்கிறார்கள். எட்டு மாதம் பி.டி.எல்., நான்கு மாதம் எண். ஆண்டுச் சராசரி போட வேண்டும். எழுத்தைக் கூட்ட முடியாதே? எட்டு இடத்திலும் சுழியம் போட்டுக் கூட்டிவிடலாம். எல்லையில் பாதியைப் போடுபவர்களும் உண்டு. சுழியம் போட்டால் சராசரி இறங்கும். கருவி எவ்வளவு மட்டமானதோ அவ்வளவு கடல் சுத்தமாகும். 'எனக்குத் தெரியவில்லை' என்று ஒரு தொழில்நுட்பர் எழுதியது, மேசை மாறி மேசை போகும்போது 'இல்லை' என்றாகி, செய்திக்குறிப்பில் 'பாதுகாப்பானது' என்றாகிவிடுகிறது. சொற்களோடு வாழ்வதாகச் சொல்லிக்கொள்ளும் நாம் இந்தச் சொல் மாற்றத்தைக் கவனித்தோமா?

இன்னொரு வகையான 'இல்லை'யும் உண்டு. தேடாததால் கிடைக்காதது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தை ஒட்டிய ஓடைகளில், கடலிலிருந்து முட்டையிடத் திரும்பி வரும் கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்த சில மணி நேரத்தில் சுழன்று சுழன்று செத்தன. பல ஆண்டுகள் உலோகத்தைத் தேடினார்கள், பூச்சிக்கொல்லியைத் தேடினார்கள், எண்ணெயைத் தேடினார்கள். பட்டியலில் இருந்த எதுவும் காரணமாக இல்லை. கடைசியில் பட்டியலை ஒதுக்கிவிட்டு, சாலையில் வழிந்த நீரில் என்னதான் இருக்கிறது என்று முழுவதையும் பிரித்துக்கொண்டே போனார்கள். டயர் ரப்பர் வெடிக்காமலிருக்கச் சேர்க்கும் ஒரு பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து உண்டாக்கும் இன்னொரு பொருள் அது என்று 2020 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதுவரை அதற்குப் பெயர்கூட இல்லை. லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம் இருந்தால் பாதி மீன்கள் சாகும் என்று முதலில் கணக்கிட்டார்கள். 2022இல் தூய மாதிரி கிடைத்துத் திரும்ப அளந்தபோது 0.1 மைக்ரோகிராமே போதும் என்று தெரிந்தது. தங்கள் எண்ணைத் தாங்களே திருத்தினார்கள். நம் பிணந்தின்னிக் கழுகுகளின் கதையும் இதே போன்றதுதான். நோய்க்கிருமி, பூச்சிக்கொல்லி என்று தேடி அலுத்தபின், 2004இல்தான் மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து காரணம் என்று தெரிந்தது. அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன.

டயர் என்றதும் எனக்கு சங்ககிரியும் நாமக்கல்லும் நினைவுக்கு வரும். லாரியால் வாழும் ஊர்கள் அவை. லாரிக்கு பாடி கட்டுகிறோம், டயருக்கு ரீட்ரெடிங் செய்கிறோம், பாரதத்தின் எல்லாச் சாலைகளிலும் தேய்க்கிறோம். அந்தத் தூள் முதல் மழைக்கு எந்த ஓடையில் இறங்குகிறது? நம் கெண்டையையும் கெளுத்தியையும் அது என்ன செய்யும்? கோஹோ மீன் மிகவும் நோஞ்சான் என்றும், வேறு சில மீன்கள் இதைத் தாங்கும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. நம் மீன் எந்தப் பக்கம்?

நம்மிடம் இந்த அறிவு இல்லாமலும் இல்லை. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தினர், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தினரோடு சேர்ந்து 1980களின் இறுதியில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வெள்ளாற்றுப் பாசன வயல்களில் அப்போது பி.எச்.சி. பொடியைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். (என் தலைமுறை நெல்வயலின் மணமே அதுதான்.) அது ஆறு வழியே எவ்வளவு கடலுக்குப் போகிறது என்று காற்றையும் நீரையும் சேற்றையும் மீனையும் அளந்தார்கள். 1991இல் வெளியான விடை எதிர்பாராதது. போட்டதில் 99 விழுக்காட்டுக்கும் மேல் நம் வெப்பத்தில் ஆவியாகிக் காற்றில் ஏறிவிட்டது. கடலுக்குப் போனது மிகச் சொற்பம். வெள்ளாற்றின் முகத்தில் மட்டும் அளந்திருந்தால் 'பாதிப்பில்லை' என்று எழுதியிருப்பார்கள். காற்றேறிய அந்தப் பொருள் உலகின் குளிர்ந்த மூலைகளில் இறங்கும் வகையைச் சேர்ந்தது. ஆர்க்டிக் கடல்நீரில் அதிகமாகக் கிடைத்த பூச்சிக்கொல்லிகளில் ஒன்று அதே எச்.சி.எச். வகைதான். இந்தியா அதை 1997இல் தடை செய்தது. ஆத்தூர் வயலில் தூவியதைத் துருவக் கடலில் தேட வேண்டியிருக்கும் என்று எந்தப் பழமொழி சொன்னது?

பச்சைச் சிப்பியை வைத்து ஆசியக் கடற்கரைகளை அளந்த திட்டத்திலும் இந்தியச் சிப்பிகள் இருந்தன. சிப்பி ஒரே பாறையில் உட்கார்ந்து நாள் முழுதும் நீரை வடிகட்டிக்கொண்டிருப்பதால், நீரில் கருவிக்குச் சிக்காத அளவும் அதன் சதையில் சேர்ந்துவிடும். 2000இல் வெளியான முடிவுகளில் நம் சிப்பிகளிலும் டி.டி.டி.யும் கப்பல் சாயத்துத் தகரமும் இருந்தன. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தினர் 2011இல் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி, பிச்சாவரம் சதுப்புக்காடு ஆகியவற்றில் சோப்புக் கிருமிக்கொல்லியான டிரைக்ளோசானைத் தேடினார்கள். தாமிரபரணியின் ஓரிடத்தில் அது லிட்டருக்கு 5,000 நானோகிராமைத் தாண்டியது. காவிரி நெடுகிலும் மாதிரி எடுத்த சென்னை ஐ.ஐ.டி. குழுவினர் 2021இல் வெளியிட்ட பட்டியலில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், சிப்ரோஃப்ளாக்ஸசின், கார்பமாஸெபின், காஃபின் எல்லாம் உண்டு. அட்டெனலாலும் உண்டு. அதைப் படித்த அன்று அப்பாவின் மாத்திரைப் பட்டையை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தேன். அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் செம்பரம்பாக்கத்திலும், எளிதில் அழியாத ஃப்ளூரின் சேர்மங்கள் இருப்பதாக அதே கல்வி நிலையத்தார் கண்டது 2025இல் செய்தியாயிற்று. அமெரிக்கா 2024இல் குடிநீருக்கு அந்தக் குடும்பத்தின் இரண்டு சேர்மங்களுக்கு விதித்த எல்லை லிட்டருக்கு 4 நானோகிராம். நம் குடிநீர்த் தரநிலையின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றின் பெயரே கிடையாது.

ஆய்வேடுகளில் இருப்பது ஆணைகளுக்கு ஏன் வருவதில்லை? நம் கடற்கரை நீரைப் பயன்பாட்டை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: சிப்பி வளர்ப்புக்கும் உப்பளத்துக்கும் ஒன்று, குளியலுக்கும் மீன்பிடிக்கும் ஒன்று, துறைமுகத்துக்கு ஒன்று என்று. அளவுகோல்கள் கார அமில நிலை, கரைந்த ஆக்சிஜன், நிறம், நாற்றம், மிதக்கும் பொருள், எண்ணெய், மலக்கிருமி போன்றவை. பெரும்பாலும் கண்ணும் மூக்கும் கண்டுபிடிக்கக்கூடியவை. மருந்து எச்சம் இந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் 'கவனிப்புப் பட்டியல்' ஒன்று போட்டது. அதில் எனக்கு முக்கியமாகத் தோன்றியது பட்டியலல்ல, அதற்கு அடுத்த பத்தி. ஒவ்வொரு பொருளுக்கும் உன் கருவி எவ்வளவு சிறியதைப் பார்த்தாக வேண்டும் என்று சட்டமே எண் சொல்கிறது. அந்தச் செயற்கை ஈஸ்ட்ரோஜனுக்கு 2015ஆம் ஆண்டுப் பட்டியலில் அது லிட்டருக்கு 0.035 நானோகிராமாக இருந்தது. அதைப் பார்க்க முடியாத கருவியை வைத்துக்கொண்டு அங்கே 'கண்டறியப்படவில்லை' என்று எழுதித் தப்ப முடியாது.

உடனே வரும் பதிலை நான் அறிவேன். ஏழை நாடு, இத்தனை நுட்பத்துக்கு எங்கே போவது. இது அபத்தமான வாதம். அந்த நுட்பம் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் ஆசிய இறால்களில் குளோரம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் இருப்பதாக ஐரோப்பா சரக்குகளைத் திருப்பியது. 2003இல் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராமைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்றது. 2022இல் நடவடிக்கைக்கான அளவை 0.15 ஆக்கியது. நாம் என்ன செய்தோம்? கருவி வாங்கினோம், ஆட்களைப் பழக்கினோம், பரிசோதனைச் சாலைகளுக்கு அங்கீகாரம் பெற்றோம், அளந்தோம். ஐரோப்பியரின் தட்டுக்குப் போகும் இறாலில் ஆயிரம் கோடியில் சில பங்கைத் தேடத் தெரிந்த நாட்டில், ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பெண் கூடையில் கொண்டுவரும் மடவைக்கு யார் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்? 2018இல் மீனில் ஃபார்மலின் என்று ஒரு பரபரப்பு எழுந்தது. அது அடங்கியதோடு சரி. பணம் இல்லை என்பதல்ல காரணம். கேட்பவர் இல்லை.

கேட்காதவர்களில் நாமும் சேர்த்தி என்பதால்தான் இதை ஓர் இலக்கிய வட்டத்தில் எழுதுகிறேன். 2019 டிசம்பரில் சென்னைக் கடற்கரையில் நுரை பொங்கியது. குழந்தைகள் அதில் விளையாடிய படங்களைப் பார்த்து நாம் பதறினோம், எழுதினோம். நுரை அடங்கியது, நாமும் அடங்கினோம். எண்ணெய், நுரை, செத்த மீன், கருத்த பறவை என்று நம் சூழல் பிரக்ஞை முழுக்கக் கண்ணை நம்பியே இருக்கிறது. படிமமாகாத எதுவும் நமக்குத் துயரமாவதில்லை. வலிப்பு மருந்தான கார்பமாஸெபினைச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் அகற்றுவதே இல்லை. அதனாலேயே ஒரு நீரில் நகரத்துச் சாக்கடை கலந்திருக்கிறதா என்று அறிய அதை அடையாளமாகக் கொள்கிறார்கள். ஒரு நகரத்தின் நோய்கள் அதன் கழிமுகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதில் ஒரு கவிஞனுக்கு வேலையே இல்லையா?

இது இலக்கியமாகாது என்பவர்களுக்கு இஷிமுரே மிச்சிகோவை நினைவூட்டுகிறேன். மினமாட்டாவில் 1956இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. மருத்துவர்கள் மாங்கனீஸைச் சந்தேகித்தார்கள், செலீனியத்தை, தாலியத்தைச் சந்தேகித்தார்கள். 1959இல்தான் பாதரசத்துக்கு வந்தார்கள். அதே ஆண்டு தொழிற்சாலையின் மருத்துவரே அதன் கழிவை ஒரு பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். பூனைக்கு அந்த நோய் வந்தது. நிர்வாகம் முடிவை அமுக்கியது. 1968 வரை கழிவு விரிகுடாவுக்குள் போய்க்கொண்டிருந்தது. இஷிமுரே அந்த ஊர் இல்லத்தரசி. 1969இல் வெளிவந்த அவருடைய 'குகாய் ஜோடோ'வில் மீனவர்களின் வட்டார வழக்கும் மருத்துவ அறிக்கைகளும் அருகருகே கிடக்கின்றன. அந்த நூலுக்குத் தரப்பட்ட ஒரு பெரிய விருதை அவர் மறுத்துவிட்டார். அறிக்கையின் மொழி உலர்ந்தது என்று நம்மைப்போல் ஒதுக்காமல் அதைப் புத்தகத்துக்குள் கொண்டுவந்ததால்தான், அந்த மொழி யாரை விட்டுவிட்டது என்று அவரால் காட்ட முடிந்தது. நம்மிடம் பி.டி.எல். என்ற மூன்று எழுத்தைக் கதைக்குள் கொண்டுவந்த ஒருவர் உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. (என் கண்டறியும் எல்லை குறுகியது என்று யாராவது நிரூபித்தால் மகிழ்ச்சியடைவேன்.)

கூட்டத்தில் சிரித்துவிட்டு வந்ததற்குப் பரிகாரமாக ஒரு சிறு காரியம் செய்திருக்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறேன். திருமணிமுத்தாற்றிலும் சென்னை, கடலூர்க் கடற்கரைகளிலும் கடந்த மூன்று ஆண்டுகளில் எடுத்த நீர் மாதிரிகளில் எந்தெந்தப் பொருட்களைத் தேடினீர்கள்? ஒவ்வொன்றுக்கும் உங்கள் கருவியின் கண்டறியும் எல்லை என்ன? சராசரி போடும்போது 'கண்டறியப்படவில்லை' என்ற இடத்தில் என்ன எண்ணை இட்டீர்கள்? விரைவுத் தபாலில் போயிருக்கிறது. முப்பது நாள் அவகாசம். மூத்த நண்பரிடமும் நகலைக் காட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, மூன்றாவது கேள்வியை மட்டும் இன்னும் தெளிவாக எழுதியிருக்கலாம் என்றார். அவர் சொன்னது சரிதான். திருத்தி இன்னொரு மனு போட வேண்டும். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.